ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குக் காலில் எப்படி ரத்தம் உறைந்தது?

அப்பா இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டு வந்தவர். அப்படிப்பட்டவருக்கு இடது காலில், ஆழத்தில் ஓடுகிற சிரையில், முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரைக்கும் ரத்தம் உறைந்து கிடக்கிறது என்று ஸ்கேன் பார்த்தவர் சொன்னபோது வீட்டில் அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ரத்தம் உறையாமல் இருக்கத்தானே இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறார்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் அப்பாவுக்கு அடுத்து வந்த எதையுமே எங்களால் சமாளித்திருக்க முடியாது, அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிறது தமனி, திருப்பிக் கொண்டுவருகிறது சிரை. தமனியில் அழுத்தம் அதிகம், ஓட்டம் வேகம். அங்கே உறைவு ஏற்படுவது பெரும்பாலும் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிற இடத்தில். வெடித்த இடத்தில் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தட்டுகள், பிளேட்லெட் என்று டெங்கு காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான அதே அணுக்கள்தான். அதனால் தமனியில் உண்டாகும் கட்டி வெளிறி இருக்கும், வெள்ளைக் கட்டி என்றே மருத்துவத்தில் சொல்கிறார்கள். சிரையின் கதை வேறு. எங்கள் பக்கம் காவிரியில் தண்ணீர் ஓடும்போது ஆகாயத்தாமரை தங்காது, வாய்க்காலில் தேங்கினால் ஒரே வாரத்தில் மூடிவிடும், அந்தக் கதை. ஓட்டம் மந்தமான இடத்தில் ரத்தத்தில் இருக்கிற உறைதல் புரதங்கள் வேலையைத் தொடங்கி, ஃபைப்ரின் என்கிற இழைகள் உருவாகி, அதில் சிவப்பணுக்கள் சிக்கி, சிவப்புக் கட்டியாகிறது.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்களைத்தான் அடக்கும். உறைதல் புரதங்களைத் தடுக்க ஹெபாரின் ஊசி, வார்ஃபரின், அசிட்ரோம், அபிக்சபான், ரிவராக்சபான் என்று வேறு கூட்டம். இரண்டையுமே நாம் 'ரத்தம் நீர்க்கிற மாத்திரை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், டாக்டர்களும் அவசரத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆஸ்பிரினால் சிரைக்குப் பிரயோஜனமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2012-இல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிரைக் கட்டிக்கான சிகிச்சை முடிந்த பிறகு தினமும் 100 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அபிக்சபான் வகை மாத்திரைகள் அதைவிட எவ்வளவோ அதிகமாகக் குறைக்கின்றன. ஆக, அப்பாவுக்கு இருந்தது வேறு வாசலுக்கான காவல்.

சரி, இந்தக் கட்டி ஏன் வந்தது? 1856 வாக்கில் ருடால்ஃப் விர்ஹோ என்கிற ஜெர்மன் மருத்துவர் விளக்கியதிலிருந்து வருகிற மூன்று காரணங்களை இன்றைக்கும் எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள்: ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே உறையத் துடிக்கிற நிலையில் இருப்பது. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் உலக ரத்த உறைவு தினமாக வைத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதில் முதல் காரணம் எப்படிப் பொருந்தியது என்று யோசித்தால் மகாமகக் குளத்தில் வந்து நிற்கிறது. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர், ஸ்டென்ட் வைத்த பிறகு சிகரெட்டை விட்டார், கடையைத் தம்பியிடம் விட்டார், காலையில் குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். குளத்தைச் சுற்றிலும் பதினாறு மண்டபங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் நிற்காமல் சுற்றி வருவார். அப்புறம் பாதிச் சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு மண்டபத்தில் உட்கார ஆரம்பித்தார். உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வலி போய்விடும், எழுந்து நடந்தால் திரும்ப அதே தூரத்தில் வரும். போகப் போக, நாலு மண்டபத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு மண்டபத்துக்கு ஒரு முறை. "வயசாகுதுல்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார். பார்த்த ஒரு டாக்டர் சுகரால் நரம்பு பாதிப்பு இருக்கும் என்று வைட்டமின் மாத்திரை எழுதினார். கடைசியில் நடப்பதையே விட்டுவிட்டு வராந்தா நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க பேப்பரும் டிவியும் என்று ஆகிவிட்டார்.

நடந்தால் கெண்டைக்காலில் பிடித்துக்கொள்வதும், நின்றால் விடுவதும், திரும்ப அதே தூரத்தில் வருவதும் கால் தமனி சுருங்கியிருப்பதன் அடையாளம். இது வயதுக் கோளாறு இல்லை. ஸ்டென்ட் வைத்தவர், சுகர் உள்ளவர், முப்பது வருடம் புகைத்தவர், இந்த மூன்றும் சேர்ந்த ஒருவருக்கு இதயத் தமனியில் படிந்தது காலில் மட்டும் படியாமல் இருக்குமா? தமனி கெட்டது, வலித்தது, நடை நின்றது, நடை நின்றதால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து சிரை ரத்தத்தை மேலே தள்ளுகிற வேலையும் நின்றது. கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தமனிக் கோளாறு சிரைக் கோளாறாக மாறின வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். டாக்டரிடம் கேட்டால், "இருக்கலாம்மா, ஆனா இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். அதுவும் சரியான பதில்தான்.

கால் வீங்கியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்காரருக்குக் கால் வீங்கினால் பார்க்கிற முதல் ஆள் சொல்வது யானைக்கால், இரண்டாவது ஆள் சொல்வது சுளுக்கு. பக்கத்துத் தெருவிலிருந்து எண்ணெய் போட்டு உருவி விடுகிறவரைக் கூட்டிவரச் சொல்லி சித்தப்பா நின்றார். அவரைத் தடுத்தது எங்கள் தெருமுனை மெடிக்கல் கடைக்காரர். வலிக்குத் தைலம் வாங்கப் போன அம்மாவிடம், "ரெண்டு காலுமா, ஒரு காலா?" என்று கேட்டார். ஒரு கால்தான் என்றதும், "உருவக் கூடாதும்மா, தைலமும் வேணாம், இன்னைக்கே ஸ்கேன் எடுங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த மனிதருக்கு இன்றைக்கும் தீபாவளிக்கு ஸ்வீட் போகிறது. உறைந்த கட்டி இருக்கிற காலை அழுத்தி உருவினால் துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்பிருக்கிறது. இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் பெரும்பாலும் இதயம், சிறுநீரகம், கல்லீரல், அல்லது சில பிரஷர் மாத்திரைகள் காரணமாக இருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கனத்து, தொட்டால் சூடாக, நிறம் மாறி இருந்தால் சிரைக் கட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு ஒரு முண்டு மாதிரி தட்டுப்படும், அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு கால்களையும் தையல் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் போடுகிற மதிப்பெண்ணில் அது ஒரு புள்ளி. அப்பாவுக்கு இடது 38, வலது 34. வித்தியாசம் குறைவாக இருந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் அறையில் நான் கூடவே இருந்தேன். ஸ்கேன் பார்க்கிறவர் தொடையிலிருந்து கீழே ஒவ்வோர் இடமாக அந்தக் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்று துடிக்கிறது, அது தமனி. இன்னொன்று அழுத்தினால் சப்பென்று மூட வேண்டும், அது சிரை. வலது காலில் மூடியது. இடது காலில் எவ்வளவு அழுத்தினாலும் மூடவில்லை, உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அப்போது அவர் போகிற போக்கில், "ஆர்ட்டரி சுவர்லயும் சுண்ணாம்பு நிறைய படிஞ்சிருக்கே, ஐயா சிகரெட் பிடிப்பாரா?" என்றார். ஆனால் ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், எழுதிக் கொடுத்தது சிரை டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்), தமனி டாப்ளர் தனி டெஸ்ட், தனிக் கட்டணம் என்றார்கள். ஒரே கால், ஒரே திரை, இரண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் அவை இரண்டு ஊர்.

இடது கால் ஏன் என்பதற்கும் ஒரு சுவாரசியமான காரணம் இருக்கிறது. வயிற்றுக்குள் வலது காலுக்குப் போகிற தமனி, இடது காலிலிருந்து வருகிற சிரையின் மேலே குறுக்காகக் கடந்து போகிறது. சிரைக்குப் பின்னால் முதுகெலும்பு. ஆக, துடிக்கிற தமனிக்கும் எலும்புக்கும் நடுவில் சிரை நசுங்குகிறது. 1957-இல் இதை விவரித்த இரண்டு மருத்துவர்களின் பெயரால் மே தர்னர் என்று சொல்கிறார்கள். பலருக்கு இந்த அமைப்பு தொந்தரவில்லாமல் இருக்கும், சிலருக்குக் கட்டி வரக் காரணமாகும். சிரைக் கட்டி இடது காலில் அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம். முழங்காலுக்குப் பின்னால் தமனி பலூன் மாதிரி உப்பிப்போய் பக்கத்துச் சிரையை அழுத்துவதும் உண்டு. தமனி சிரையைத் தொந்தரவு செய்ய எத்தனை வழி பாருங்கள்.

இனிமேல் சொல்வதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம்.

சேர்த்த ஆஸ்பத்திரியில் அபிக்சபான் ஆரம்பித்தார்கள். முதல் ஏழு நாள் 10 மி.கி. இரண்டு வேளை, அப்புறம் 5 மி.கி. இரண்டு வேளை. இது சரியான மருந்து, சரியான அளவு. வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே தொடை வரைக்கும் வருகிற இறுக்கமான ஸ்டாக்கிங் ஒன்று எழுதினார்கள். சர்ஜிகல் கடையில் கால் அளவெடுத்து வாங்கி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டினோம். அன்றைக்கு ராத்திரியே அப்பா பாதம் வலிக்கிறது என்று காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டார். காலைத் தலையணையில் உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள், உயர்த்தினால் வலி கூடியது. காலையில் பார்த்தால் விரல்கள் வெளிறி, சில்லென்று.

சிரைக் கால் உயர்த்தினால் சுகப்படும். தமனிக் கால் தொங்கப்போட்டால்தான் சுகப்படும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் போதும், பாதிப் பிரச்சினை வீட்டிலேயே பிடிபடும். ஸ்டாக்கிங்கைக் கழற்றிவிட்டு எங்கள் குடும்ப டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயதானவர், இன்னும் கையால் தொட்டுப் பார்க்கிற தலைமுறை. பாதத்தின் மேல்புறம் இரண்டு விரலை வைத்தார், நகர்த்தினார், கணுக்காலுக்கு உள்பக்கம் வைத்தார். நாடி கிடைக்கவில்லை. பேனா மாதிரி ஒரு சின்ன டாப்ளரை எடுத்து ஜெல் தடவி வைத்தார். கையில் வைத்தபோது உஷ் உஷ் என்று வெட்டி வெட்டிக் கேட்ட சத்தம் கணுக்காலில் ஈனஸ்வரத்தில் ஒரு முனகலாக வந்தது. பிரஷர் பார்க்கிற பட்டையைக் கணுக்காலுக்கு மேலே கட்டி, சத்தம் திரும்ப வருகிற இடத்தைக் குறித்தார். கையில் 140, கணுக்காலில் 77. இரண்டையும் வகுத்தால் 0.55.

இதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர், கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பது. 0.9-க்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு இருக்கிறது. சுகர்காரர்களுக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய் பட்டையால் அழுத்த முடியாமல், பொய்யாக 1.4-க்கு மேலேகூடக் காட்டும், அப்போது கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அப்பாவின் 0.55 இருக்கிற காலில் இறுக்கமான ஸ்டாக்கிங் மாட்டினால், ஏற்கெனவே தட்டுத்தடுமாறி வருகிற தமனி ரத்தத்தையும் நாமே அமுக்கிவிடுகிறோம். தோல் கறுத்துப் புண்ணாகும், சுகர் காலில் புண் என்றால் அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொடுத்த இடத்தில் ஒருவரும் பாதத்தில் கை வைக்கவில்லை. பத்து நிமிட வேலை, ஊசி இல்லை, பெரிய மெஷின் இல்லை. யாருக்காவது இந்த ஸ்டாக்கிங் எழுதினால், மாட்டுவதற்கு முன்னால் "பாதத்துல நாடி பாத்தீங்களா சார்?" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. கட்டி வந்தவர்கள் எல்லோரும் இரண்டு வருடம் ஸ்டாக்கிங் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். 2014-இல் வெளியான சாக்ஸ் என்கிற பெரிய ஆய்வில், நிஜ ஸ்டாக்கிங் போட்டவர்களுக்கும் இறுக்கமில்லாத போலி ஸ்டாக்கிங் போட்டவர்களுக்கும் பிற்பாடு வருகிற கால் தொந்தரவில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. வீக்கமும் வலியும் குறைய இதமாக இருக்கிறது என்றால் போடலாம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது இல்லாமலே வீக்கம் வடிந்தது.

ஸ்டாக்கிங் கதை முடிவதற்குள் அடுத்தது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், முன்கையில் எதுவும் இடிக்காமலே கன்றிப்போன திட்டுகள். காரணம் எளிது. இதயத்துக்கு அவர் சாப்பிட்டது ஒரே கேப்ஸ்யூல், அதற்குள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் இருக்கின்றன. கால் பார்த்தவர் "ஹார்ட் மாத்திரை தொடரலாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். ஆக மொத்தம் அபிக்சபானோடு சேர்த்து மூன்று மருந்துகள் ஒரே சமயத்தில் உறைதலுக்கு எதிராக வேலை செய்தன. போதாததற்கு முழங்கால் வலிக்கு எப்போதோ வாங்கி வைத்த டைக்ளோஃபினாக் அட்டையிலிருந்து அப்பா நடுநடுவே ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அது வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தக்கசிவைக் கூட்டும். கறுப்பாக, தார் மாதிரி மலம் போனால் உடனே ஓட வேண்டும் என்று டாக்டர் பயமுறுத்தியது அப்போதுதான்.

இதய டாக்டரிடம் எல்லாச் சீட்டையும் பரப்பினோம். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதயம் நிலையாக இருக்கிறது, அபிக்சபான் சாப்பிடுகிற காலம் வரைக்கும் தட்டணு மாத்திரைகள் இரண்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். இது அப்பாவுக்கான முடிவு. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவருக்கு இதே முடிவு ஆபத்தாகலாம், ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும், அதனால் யாரும் சொந்தமாக நிறுத்திவிடாதீர்கள். அவர் பேனாவை மூடும் முன் கவனித்த இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய பாடம்: அந்த கேப்ஸ்யூலை நிறுத்தினால் அதற்குள் இருக்கிற அட்டோர்வாஸ்டாட்டினும் நின்றுபோகும். அதைத் தனி மாத்திரையாக எழுதிக் கொடுத்தார். கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயர்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாள்தான் முதலில் மேஜைக்குப் போக வேண்டும். எங்கள் தாளில் மருந்து, அளவு, எதற்காக, யார் எழுதியது, எப்போது மறுபரிசீலனை என்று எழுதியிருக்கிறது. கீழே ஸ்டென்ட் வைத்த மாதம், ஏ.பி.ஐ. அளவு, கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் என்கிற சிறுநீரக டெஸ்ட் அளவு. அபிக்சபான் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது முக்கியம். கீரைக்குத் தடை இல்லை. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் முருங்கைக்கீரையும் பசலையும் ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று ஏறி இறங்கினால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கிற டெஸ்ட் அளவு) ஆட்டம் காணும். அவர்களும் கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

அந்த ஸ்டாட்டின் விஷயத்தில் நான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கொழுப்பு மாத்திரைக்கும் சிரைக்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஜூபிடர் என்கிற ஆய்வில் 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2009-இல் வந்த கணக்கில் சிரைக் கட்டி வந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 34 பேர், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 60 பேர். சிரைக் கட்டிக்கு ஸ்டாட்டின்தான் மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை, எண்ணிக்கை சின்னது. ஆனால் தமனிக்காகச் சாப்பிடுவது சிரைக்கும் கொஞ்சம் உதவலாம் என்கிறபோது அதைத் தெரியாமல் நிறுத்திவிடுவது முட்டாள்தனம்.

தமனிப் படிவுக்கும் சிரைக் கட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இழுபறி. இத்தாலியின் படுவா நகரத்து மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்டதுதான் பேச்சைத் தொடங்கிவைத்தது. காரணம் தெரியாமல் காலில் கட்டி வந்தவர்களின் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்தார்கள். 47.1 சதவீதம் பேருக்குப் படிவு இருந்தது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு மாதிரி தெளிவான காரணத்தால் கட்டி வந்தவர்களில் 27.4, கட்டியே இல்லாதவர்களில் 32 சதவீதம். ஆனால் பிறகு அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, கழுத்துத் தமனி தடித்திருப்பது பிற்பாடு சிரைக் கட்டி வருவதை முன்கூட்டிக் காட்டவில்லை. எனக்குப் புரிந்தவரை, தமனிப் படிவு நேராகச் சிரையில் கட்டியை உண்டாக்குவதில்லை. வயது, உடல் பருமன், அசையாமல் கிடப்பது, உடம்புக்குள் ஓயாத அழற்சி என்று இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் இருக்கின்றன. இவற்றில் சிரைக்கு அதிகம் பொருந்துவது பருமன். சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் தமனியைத் தாக்குகிற அளவுக்குச் சிரையைத் தாக்குவதில்லை.

எதிர்த்திசையில் வருகிற தகவல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டென்மார்க்கில் நாடு முழுக்க இருக்கிற மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2007-இல் வெளியான ஆய்வு: சிரையில் கட்டி வந்தவர்களுக்கு முதல் ஒரு வருடத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடுதல், அதற்கடுத்த இருபது வருடத்திலும் 20 முதல் 40 சதவீதம் கூடுதல். அதாவது காலில் கட்டி வந்து சிகிச்சை முடிந்து கால் சரியாகிவிட்டது என்றால் கணக்கு முடியவில்லை. நாற்பது ஐம்பது வயதில் காரணமே தெரியாமல் சிரைக் கட்டி வந்த ஒருவர், அந்தச் சாக்கில் பிரஷர், சுகர், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு, புகைத்தால் அதை விட்டுவிட வேண்டும். என் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "எனக்கு இன்னும் எதுவும் வரலையே" என்றான். கையில் சிகரெட்டோடு.

சின்ன வயதுக்காரர் ஒருவருக்குச் சிரையிலும் கட்டி, தமனியிலும் அடைப்பு என்று இரண்டும் வந்தால் அது வேறு விசாரணை. ஆன்டிபாஸ்போலிப்பிட் என்கிற எதிர்ப்பணுக் கோளாறு இரண்டு பக்கமும் உறைய வைக்கும், பெண்களுக்குத் தொடர்ந்து கர்ப்பம் கலைவதற்கும் அது காரணமாகலாம். அது உறுதியானால், அதிலும் தமனி அடைப்பு வந்தவருக்கு, புது மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின்தான் பாதுகாப்பு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறந்தபோது மூட வேண்டிய சிறு துளை நாலில் ஒருவருக்கு முழுசாக மூடாமல் இருக்கும், அதன் வழியாகக் கால் சிரைக் கட்டி தமனிப் பக்கம் தாவி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதும் நடக்கிறது. அபூர்வம்தான், ஆனால் இளம் வயதுப் பக்கவாதத்தில் டாக்டர்கள் இதைத் தேடுவார்கள்.

அவசரத்துக்கு ஓட வேண்டிய அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் குத்துகிற நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். கால் திடீரென்று வெளிறி, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்து, மரத்துப்போனால் தமனி அடைத்திருக்கலாம், அதற்கு ஆறு மணி நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ரெண்டுக்கும் 108. ஹார்ட்டா கேஸா என்று வீட்டில் உட்கார்ந்து பட்டிமன்றம் நடத்த வேண்டாம்.

இப்போது அப்பா நடக்கிறார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து நடைதான். உறைவுக்கான மருந்து ஆரம்பித்து, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டால் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, எழுந்து நடக்கலாம். தமனி அடைப்புக்கும், வலி வரும்வரை நட, நின்று வலி போனதும் திரும்ப நட, இப்படி அரை மணி, வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம் விடாமல் செய்தால் வலியில்லாமல் நடக்கிற தூரம் கூடும். மருந்து எழுதுவதுபோலவே இதை எழுதிக் கொடுக்கிறார்கள். முதலில் வலி வந்தால் நடக்கக் கூடாதோ என்று அப்பா பயந்தார், இந்த வலி காலைக் கெடுக்காது என்று டாக்டர் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. வெறுங்காலோடு மட்டும் நடக்கக் கூடாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் அம்மா டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

ஆறு மாத அபிக்சபான் முடியப்போகிறது. அதை 2.5 மி.கி. இரண்டு வேளையாகக் குறைத்துத் தொடரலாமா, நிறுத்திவிட்டு ஆஸ்பிரினுக்குத் திரும்பலாமா, இல்லை கால் தமனிக்காக ரிவராக்சபான் 2.5 மி.கி. இரண்டு வேளையோடு ஆஸ்பிரின் என்கிற வழியா என்று பேச்சு நடக்கிறது. கடைசியாகச் சொன்னது 2017-இல் வந்த காம்பஸ் ஆய்விலிருந்து வருவது. இதய, கால் தமனி நோய் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினோடு இந்தச் சின்ன அளவைச் சேர்த்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு குறைந்தன, ரத்தக்கசிவு கூடியது. ஆனால் அந்த அளவு, காலில் புதிதாக வந்த கட்டிக்கான சிகிச்சை அளவு இல்லை. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாற்றிவிட முடியாது. ஈறில் ரத்தம் வந்த கதையை நினைத்தால் எனக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது, ஆனால் முடிவு என்னுடையது இல்லை.

அதற்கு நடுவில் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை எத்தனை நாள் நிறுத்தணும் என்று பல் டாக்டர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நான் இதய டாக்டர், கால் டாக்டர் இரண்டு பேர் நம்பரையும் அந்தத் தாளின் மேலே எழுதி, "நீங்களே பேசிக்கிட்டு எங்களுக்கு ஒரே பதிலாச் சொல்லுங்க டாக்டர்" என்று கொடுத்தனுப்பிவிட்டேன்.